இறங்குகிறவர்களுக்கு வழி

டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும்
இந்த ஐஸ்லாந்துச் சிற்றூரில்
பூமிக்கடியிலிருந்து சுடச்சுட வரும் தண்ணீரில்
பிள்ளைகள் நீந்துகிறார்கள்,
தலைமயிர் மட்டும் உறைந்து
குச்சி குச்சியாய் நிற்க.

நான் மேலே.
சறுக்குக் குழாயின் வாயருகே
ஆரஞ்சு அங்கிக்குள், பிளாஸ்டிக் நாற்காலியில்.
சிவப்பு விளக்குக்கு ஒரு பொத்தான், பச்சைக்கு ஒன்று.
போனவர் வெளியே வந்தாரா என்று காட்ட
உள்ளங்கையளவு திரை.
இதற்கா சம்பளம் என்பான் என் தம்பி,
காட் மீன் பிடிக்கும் படகிலிருந்து.

அவன் பார்த்ததில்லை,
நாற்பத்திரண்டாம் படியில்
ஐந்து வயது முழங்கால் எப்படி ஆடுமென்று.

அப்பாக்கள் ஐஸ்கிரீமில் பேரத்தைத் தொடங்குவார்கள்.
அம்மாக்கள் மூன்று வரை எண்ணுவார்கள்;
இரண்டு தாண்டியதும் இரண்டேகால், இரண்டரை,
இரண்டேமுக்கால் எல்லாம் முளைக்கும்.
அண்ணன்மார் ‘ஒண்ணுமில்ல, போ’ என்பார்கள்.
ஒன்றுமில்லை என்று இத்தனை பேர் சொன்னால்
என்னமோ இருக்கிறது என்று
எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

முதுகில் யாரும் கை வைக்கக் கூடாது.
பலகையில் இல்லாத என் சட்டம் அது.

எய்தீஸ் முதலில் வந்தது ஒரு செவ்வாய்.
மஞ்சள் நீச்சலுடை, ஒழுகும் மூக்கு.
குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள், வெகுநேரம்.
‘இது ஏன் குடிச்சிக்கிட்டே இருக்கு?’
எனக்குப் பதில் தெரியவில்லை.
திரும்பி இறங்கினாள்.
வரிசையில் நின்ற பெரிய பையன்கள்
ஈரச் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள்,
ஒருவன் நாக்கைச் சப்புக்கொட்டினான்.
அத்தனை கண்களின் நடுவே
நாற்பத்திரண்டு படியும் எதிர்த்திசையில்.
அதை நான் எண்ணி வைத்துக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்
கைப்பிடிக் கம்பியில் கிடந்த பனியை வழித்து
ஒரு உருண்டை பிடித்தாள்.
குழாய்க்குள் விட்டாள்.
கீழே இடுப்பளவு நீரில் அவள் அப்பா பிரின்யார்,
கதவளவு அகலம், கடன் வாங்கிய கால்சட்டை.
‘வந்துச்சா?’
‘எது?’
‘பனி உருண்டை!’
அந்த மனிதருக்குப் பொய் வராது.
‘வரலியே!’ என்று கத்தினார்.

அவ்வளவுதான்.
உள்ளே போனது வெளியே வரவில்லை.
என்னை ஒரு பார்வை பார்த்தாள்,
நான்தான் தின்றுவிட்டேன் என்பதுபோல்.
மறுபடியும் நாற்பத்திரண்டு.

மூன்றாம் வாரம் அவரையே அனுப்பினாள்.
அவர் போனார், முழங்கைகள் இரண்டு பக்கமும் மோத,
வளைவுக்கு வளைவு ஒரு அலறல்.
அவள் என் மடியில் முழங்கையூன்றித் திரையைப் பார்த்தாள்.
கால் வந்தது. தொப்பை வந்தது. கடைசியில் தாடி.
‘இன்னொரு தடவை’ என்றாள்.
சேதி சொல்ல நான்தான் குனிந்து கூவினேன்.
அவர் மூச்சிரைக்க ஏறி வந்தார்.
இன்னொரு தடவை.
ஆறு தடவை அனுப்பினாள்.
ஒவ்வொரு முறையும் காது, மூக்கு, விரல் என்று
திரையில் சரிபார்த்தாள்.

ஆறாவதற்குப் பிறகு
பிரின்யார் படியேறிக்கொண்டிருந்தபோது
தனக்குத்தானே சொன்னாள்:
‘அப்பா கரையல.’

உட்கார்ந்தாள்.
அழுதுகொண்டேதான் உட்கார்ந்தாள்.
தைரியம் என்றால் கண் காய்ந்திருக்கும் என்று
நான் நினைத்திருந்தேன்.
என்னிடம் எதுவும் கேட்கவில்லை, விளக்கை மட்டும் பார்த்தாள்.
பச்சையை அழுத்தினேன்.
மஞ்சள் இருட்டுக்குள் போயிற்று.

அவர் மேலே வந்து சேர்ந்தார்.
‘எங்கே அவ?’
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
ஒன்றுமில்லை, வெறும் நுரை.
பிறகு ஒரு குதிகால்.
பிறகு முழுப்பிள்ளை,
தண்ணீரைத் துப்பிக்கொண்டு,
இருமிக்கொண்டு,
அப்பா நின்ற இடத்தில் அப்பாவைத் தேடிக்கொண்டு.

‘மேல பாரு!’ என்றார்.
குரல் உடைந்திருந்தது,
ஆறு முறை அலறியதால் என்று வைத்துக்கொள்வோம்.

‘நானும் கரையல!’

பச்சை எரிந்தது.
அவர் முழங்காலைத் தடவினார், குழாயைப் பார்த்தார்,
தலையை ஆட்டிவிட்டுப் படிகளின் பக்கம் திரும்பினார்.
பையன்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.
இந்த முறை
யாரும் சப்புக்கொட்டவில்லை.